சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரீல்

கேசட்டைப் பென்சிலால் சுற்றியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லும் தெம்பு இப்போது இல்லை. உங்களுக்குத் தெரியும். பாட்டு திடீரென்று இழுத்து இழுத்து அழத் தொடங்கினால் உள்ளே ரீல் சிக்கிவிட்டது என்று பொருள். மூடியைத் திறந்து, உருளையில் சுற்றிக்கொண்டதை மூச்சைப் பிடித்தபடி உருவி எடுப்போம். கசங்கிய பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் செல்லோ டேப்பால் ஒட்டுவோம். அதற்குப் பிறகு பாட்டு அந்த இடத்தில் ஒரு தாவு தாவும். ஒரு சொல் போயிருக்கும், சில சமயம் அரை வரி. சில பாட்டுகளை இன்றும் நான் அந்தத் தாவலோடுதான் முணுமுணுக்கிறேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்படி நான் வெட்டிய துண்டு ஒன்று. என் அன்றைய சுண்டுவிரல் நீளம் இருந்திருக்கும். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அப்பா வெள்ளிமலை மருத்துவமனையில் மருந்தாளுநர். மலையில் எல்லாரும் கம்பவுண்டர் என்பார்கள். எனக்கும் அம்மாவுக்கும் கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு. நான் பத்தாம் வகுப்பு. அக்கா மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிக் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. சாலை மறியல் பல நாள் நீளும் என்று பேச்சு வந்ததும் அப்பா எங்களை மலைக்கு வந்துவிடச் சொன்னார். ஹாஸ்டலை மூடிவிட்டதால் அக்காவும் வந்து சேர்ந்தாள். அவள் வந்த பஸ்தான் மலையேறிய கடைசி பஸ்.

"கீழ ஒரு மரம் நிக்கல சார்," என்று ஜீப் டிரைவர் அப்பாவிடம் சொன்னார். "புளியமரத்தயெல்லாம் ரோட்டுல சாச்சிப் போட்டுக்கினு இருக்காங்க. ஜீப்பு இன்னா, சைக்கிளு கூட போவாது."

"மருந்து வண்டி?"

"மருந்தா? தீப்பெட்டியே வரல சார்."

அந்தக் கோரிக்கையில் இருந்த நியாயத்தை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குப் புரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம் இல்லை என்பது ஒன்றுதான். அப்பா காய்ச்சல் மாத்திரைகளைப் பாதியாக உடைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த நாட்களில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அக்கா பையில் ஒரு கேசட் கொண்டுவந்திருந்தாள். ஆங்கில ராக் பாட்டு, அசலிலிருந்து நகலெடுத்தது. அட்டையில் படம் இல்லை, யாரோ பேனாவால் கோணலாக எழுதியிருந்தார்கள். அவள் கல்லூரியில் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த பெண் படிப்பு முடித்துப் போய்விட்டாள். அக்கா பள்ளியில் அணிவகுப்புக்குப் சைடு டிரம் அடித்தவள். மெஸ்ஸில் ஸ்பூனால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கிதார் வாசிக்கும் பெண் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாளாம். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு இந்தப் பாட்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் அதன் தாளம் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருத்தி நான்கு என்றாள், ஒருத்தி ஏழு என்றாள். பாடுகிறவள் இரண்டுமே இல்லை என்றாள்.

"கண்டுபிடிச்சிக்கினு போனேன்னா டிரம்ஸ் எனக்கு," என்றாள் அக்கா. "இல்லன்னா பக்கத்துக் காலேஜ்லேர்ந்து ஒரு பையனக் கூட்டிக்கினு வந்துருவாங்க. அவன் ஏற்கெனவே வாசல்லயே நிக்கிறான்."

வந்த அன்று மதியம் அவள் அலுப்பில் தூங்கிவிட்டாள். அம்மா சாணி வாங்கப் போயிருந்தாள். அப்படி என்னதான் பாட்டு என்று பார்க்க நான் கேசட்டைப் போட்டேன். ஒரு கிதார் தனியாகத் தொடங்கியது. காலால் தட்டிப் பார்த்தேன். முதலில் ஒத்துவந்தது. கொஞ்ச நேரத்தில் என் கால் இரண்டு அடிகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் விழுந்தது. சரிசெய்துகொண்டேன், மறுபடியும் பள்ளம். பிறகு டிரம்ஸ் வந்தது. அது நான் நினைத்த இடத்தில் வரவே இல்லை. இருட்டில் இல்லாத படியை மிதித்தது போல வயிறு ஒரு முறை தூக்கிப் போட்டது. பயமாகவும் இருந்தது, மறுபடி கேட்க வேண்டும் போலவும் இருந்தது. மூன்றாம் முறை ஓடும்போது பாட்டின் நடுவில் ரீல் சிக்கிக்கொண்டது.

உருவி எடுத்தேன். ஓரிடத்தில் மட்டும் விசிறி மடிப்பாகக் கசங்கியிருந்தது. அப்பாவின் மருந்துப் பெட்டியில் கட்டுத்துணி வெட்டும் கத்தரி இருந்தது. கசங்கியதை வெட்டினேன். என் பாடப் புத்தக அட்டைக்கு வாங்கிய செல்லோ டேப்பால் ஒட்டினேன். சுத்தமான வேலை. பென்சிலால் சுற்றி, பழைய இடத்திலேயே வைத்தேன். வெட்டிய துண்டை விறகடுப்பில் போட்டேன். அது சுருண்டு, நகம் பொசுங்குவது போல நாறியது.

அக்கா எழுந்ததும் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் அது ஒன்றுமே இல்லாத குற்றம். இரண்டு திட்டு, ஒரு குட்டு. அதற்குத்தான் பயந்தேன்.

மறுநாள் முதல் அவள் எண்ண ஆரம்பித்தாள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் நான்கு பேட்டரிதான் துணை. அவை இறங்கினால் ஓட்டின் மேல் வெயிலில் காயப் போடுவோம். காய்ந்த பேட்டரி கொஞ்ச நேரம் துள்ளலாக ஓடி, பிறகு சோர்ந்துவிடும். பாட்டும் கூடவே சோரும்.

"ஏழுடா," என்றாள் ஒரு காலையில். "கிதாரு ஏழு ஏழாத்தான் போவுது. ஆனா டிரம்ஸு ஏழு இல்ல. அதுல 'ஒண்ணு' எங்க விழுதுன்னே தெரியல."

"கிதாரோட ஒண்ணுதான் அதுக்கும் ஒண்ணு."

"அப்படி இருந்தா நான் ஏன்டா இப்படித் தலய பிச்சிக்கினு ஒக்காந்திருக்கேன்?"

பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அந்த வீட்டுக்காரி, மற்றவள் அவள் நாத்தனார். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது ஏறும். மோதவே மோதாது. அக்கா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நிறுத்தாம குத்துங்கக்கா. நான் ஒரு கணக்கு பாத்துக்கறேன்."

"மெட்ராஸ்ல படிச்சது போதாதுன்னு எங்க உரலுக்குக் கணக்கா?" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணியக் கேளு. குத்தறது நானு, கணக்கு பாக்கறது அவங்க."

"வாயி குத்தற குத்துல சாமையே பொடிஞ்சிருமே," என்றாள் வீட்டுக்காரி. "இது இன்னா பாட்டு பாப்பா? ஆடு கத்தற மாரி?"

"இங்கிலீஷு பாட்டு."

"ரீலு தேஞ்சி போச்சின்னா தூக்கிப் போட்றாத. குடு. கொல்லைல கட்னா குருவி வராது. இந்தப் பாட்டுக்கு யானையே வராது."

அக்கா சிரித்தாள். வலது விரல்களால் கிதாரின் ஏழை எண்ணியபடி, இடது கையை உலக்கையோடு சேர்த்து முழங்காலில் தட்டினாள். முதல் ஏழு முடிந்து அடுத்தது தொடங்கும்போது நாத்தனாரின் உலக்கை, அதற்கடுத்த ஏழுக்கு வீட்டுக்காரியின் உலக்கை. ஏழுக்கு ஏழு ஆள் மாறியது. திடீரென்று அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"டேய், டிரம்ஸு நாலுடா! கிதாரு ஏழு, டிரம்ஸு நாலு. ரெண்டும் சண்ட போட்டுக்கினே போயி இருபத்தெட்டுல ஒண்ணா சேருது. அதான் ஒருத்தி நாலுங்கறா, ஒருத்தி ஏழுங்கறா. ரெண்டு பேரும் சரி!"

"இன்னாச்சி பாப்பா, லாட்டரி அடிச்சிச்சா?" என்றாள் வீட்டுக்காரி, உலக்கையை நிறுத்தாமல்.

அந்த முகத்தைப் பிற்பாடு நான் பார்க்கவில்லை. கல்யாணத்தில் பார்க்கவில்லை, பிள்ளை பிறந்தபோதும் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாட்டின் முக்கால்வாசி இருபத்தெட்டு இருபத்தெட்டாகச் சீராகப் போனது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. அங்கே ஒரு ஏழு ஐந்தாகிவிட்டது. இருபத்தாறிலேயே எல்லாம் திரும்பிவிட்டது. எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியாக இரண்டு எண்ணிக்கை போனது என் கெட்ட நேரம். ஒன்றரை போயிருந்தால் ஒட்டு என்று அவள் உடனே கண்டுபிடித்திருப்பாள்.

அந்த இடத்தில் அவள் நாள் கணக்கில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் தட்டினாள். களி கிண்டும் துடுப்பால் அம்மியில் தட்டினாள். "ஏதோ வீட்ல பேய் பூந்த மாரி," என்றாள் அம்மா. அப்பா மருத்துவமனையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நாடே பத்திக்கினு எரியுது. நீ தட்டு தட்டிக்கினு ஒக்காந்திரு," என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இங்க பாரு. எல்லாரும் இருபத்தெட்டுக்குப் பழகிட்டாங்க இல்ல? கேக்கறவனும் பழகிட்டான். இப்ப ரெண்ட முழுங்கிட்டு முன்னாடியே எறங்கறான் பாரு. எவ்ளோ திமிரு இருந்தா இப்படி பண்ணுவான்! பாட்டுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான்டா."

உண்மை என் வாய் வரை வந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். நான் வெட்டிய வெட்டை ஒரு மேதையின் வேலையென்று நம்பி ரசித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்தச் சந்தோஷம் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் செய்துகொண்டேன். உண்மையில் அது அதே பழைய பயம்தான்.

மறியல் முடிந்து, விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கியதும் முதல் ஜீப்பில் அவள் கிளம்பினாள். கேசட்டை எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் மண்டையில ஏறிடுச்சி. நீ கேளு," என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு வந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நானும் அப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு மலை பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். பாதை அடைபட்டதால் போட்டி நாளன்றுதான் போய்ச் சேர முடிந்தது. மேடைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு முறை பேசிப் பார்த்தார்கள். ஏழும் நாலும் என்று அவள் விளக்கியதும் எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நடுவில் இரண்டு எண்ணிக்கை விழுங்கப்படும் இடத்தை அவள் சொன்னபோது கிதார்காரி, அப்படி எதுவும் இல்லை என்றாள். அசல் கேசட் அவள் வீட்டில் இருந்தது, போய் எடுக்க நேரமில்லை. தான் எத்தனையோ முறை கேட்டதாக அக்கா அடித்துச் சொன்னாள். அவள் பேச்சை நம்பி மேடை ஏறினார்கள். அந்த இடம் வந்தபோது அக்கா இருபத்தாறில் இறங்கினாள், மற்றவர்கள் கை பழைய வழியே போய்விட்டது. மூட்டை பிரிந்து கொட்டியது போல ஆனதாம். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. பாடியவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

"அப்புறம் அவ வீட்டுக்குப் போயி ஒரிஜினல் கேசட்ட போட்டாங்க. அந்த ரெண்டும் இருக்குது. நல்லா தெளிவா இருக்குது," என்றாள் அக்கா. "அப்ப நான் இன்னா கேட்டேன்? மறுபடி அந்தக் கேசட்ட கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"அத்தன பேரு கேட்டது தப்பு, நீ ஒருத்தி கேட்டது சரியா?" என்றார் அப்பா. கடுமையாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். "காது ஏமாத்தும்மா. ஜுரக்காரன் எத்தினி பேரு என்கிட்ட வந்து, யாரோ கூப்பிட்டாங்கன்னு சொல்றான். விடு."

அவர் நல்ல மனிதர். தான் சொன்னது மகளுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். கேசட்டை அவள் கண்ணில் படாமல் எப்படி எடுப்பது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது ஓடியது.

வீடு சேர்ந்ததும் அவள் குளிக்கப் போனாள். நான் அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரி சோளக்கொல்லையில் கழி நட்டு, பழைய ரீல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, ஆட்டுப் பாட்டா? தேஞ்சிடுச்சா?"

"ஆமாக்கா."

கல்லில் அடித்துக் கேசட்டை உடைத்து ரீலை உருவிக் கொடுத்தேன். அவள் கை வேகமானது. நான் திரும்பி வருவதற்குள் கொல்லையின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டிவிட்டாள்.

எங்கே வைத்தேன் என்று நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா அன்று முழுவதும் தேடினாள். மறுநாள் காலை கொல்லைப் பக்கம் நடந்தவள் வரப்பில் நின்றாள். காற்றில் ரீல்கள் படபடத்து, தேனீக் கூட்டம் போல ரீங்கரித்தன. வெயில் பட்டு மின்னின. நான் பின்னால் நின்றேன்.

"டேய், உண்மைய சொல்லு. அந்தக் கேசட்ட நீ எதனா பண்ணியா? நடுவுல வெட்டி கிட்டி ஒட்டினியா?"

அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு 'ஆமாம்' மட்டும் பாக்கி. அவள் தலைக்கு மேலேயே அந்த ரீல் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் எதுவுமே பண்ணலக்கா. அம்மா மேல சத்தியமா."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாள். தம்பி அம்மா மேல் சத்தியம் செய்தால் நம்பாமல் என்ன செய்வாள்?

"அப்ப என் காதுதான்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் தட்டவில்லை. படிப்பை முடித்தாள், மேலே படிக்கவில்லை. அப்பா தியாகதுருகத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வரன் பார்த்தார். "பையனப் பாத்து எப்படிம்மா தோணுது?" என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். அடக்கமான பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள். அவளுடைய அந்தப் பதில் அவளோடு ஒட்டிக்கொண்டது. நிலத்தை விற்கும்போது எனக்கென்ன தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் அதிகமோ என்று கேட்டால் எனக்கென்ன தெரியும். தர்மாமீட்டரைக்கூட இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

நான் சட்டம் படித்தேன். கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் வழக்காடிக் காலம் தள்ளினேன். சாட்சிக் கூண்டில் நிற்பவரைக் கேள்வி கேட்டுக் கேட்டு, தான் கண்டதையும் கேட்டதையும் அவரே சந்தேகப்படும்படி செய்வது என் தொழில். அதில் எனக்கு நல்ல பெயர். இதை யாரிடமும் நான் வேடிக்கையாகச் சொன்னதில்லை.

இப்போது கால் முட்டி தேய்ந்து, கோர்ட்டுக்குப் போவது குறைந்துவிட்டது. போன மாதம் என் மகன் போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தான். தனியாக உட்கார்ந்து எண்ணினேன். அக்கா சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஏழு, நாலு, இருபத்தெட்டு. நடுவில் அந்த இரண்டும் இருந்தன. அவை இல்லாமல் கேட்டே பழகியிருந்ததால் எனக்கு அவை யாரோ அந்நியர் நுழைந்தது போல இருந்தன.

மறுநாள் பஸ் ஏறித் தியாகதுருகம் போனேன். அக்கா பின்கட்டில் முறத்தில் நிலக்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். நான் போனை மணைக்கட்டையில் வைத்துப் பாட்டைப் போட்டேன்.

உள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார். "இன்னா வக்கீலு, போன்ல எவனாவது சண்ட போட்டுக்கினு இருக்கானா?"

அக்கா தலை நிமிரவில்லை. உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. வலது விரல்கள் முறத்தின் விளிம்பில் ஏழை எண்ணத் தொடங்கின, இடது கை முழங்காலில் நாலை. ஒரு பிசகு இல்லை. நடு இடம் வந்தது. அவள் இருபத்தாறில் இறங்கினாள். பாட்டு இறங்கவில்லை.

"தோ பாரு, இப்பயும் தப்பு பண்ணிட்டேன்," என்று சிரித்தாள். "எனக்கென்ன தெரியும்."

"தப்பு இல்லக்கா," என்றேன்.

சொன்னேன். ரீல் சிக்கியதை, வெட்டியதை, ஒட்டியதை, கொல்லையில் கட்டக் கொடுத்ததை. வாதாடாமல், காரணம் சேர்க்காமல் சொன்னேன். அவள் ஒரு மல்லாட்டையை உடைத்துப் பருப்பைத் தட்டில் போட்டாள். அடுத்ததை உடைக்கவில்லை.

"எதால வெட்டின?"

"அப்பாவோட கத்தரி."

"கொல்லைல நின்னுக்கினு கேட்டனே."

"ஆமா."

"அப்பயும் சொல்லல."

"சொல்லல."

பிறகு மெதுவாக, என்னிடம் சொல்வது போலவே இல்லாமல் சொன்னாள். "அப்ப என் காது சரியாத்தான் இருந்திருக்குது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "மொதல்லேர்ந்து போடு," என்றாள்.

போட்டேன். எண்ணினாள். அந்த இடம் வந்தபோது கை அந்தரத்தில் நின்றது. இரண்டு எண்ணிக்கையும் கடந்து போகும்வரை அப்படியே நின்று, பிறகு இறங்கியது, பாட்டோடு சேர்ந்து.

"இன்னொரு தடவ."

போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் கொல்லைச் சுவரில் இறங்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.